அகதி முகாமுக்குச் சென்ற சிறு நூல்

மலிவான காகித அட்டைப் புத்தகம் எத்துணைத் தூரம் செல்லக்கூடும்? ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெலின் வாழ்வு இக்கேள்விக்கு விடை தருகின்றது.

எரிக் ஆதர் பிளேயர் என்னும் இயற்பெயர் கொண்ட இவர், 1903 யூன் 25ஆம் நாள், இன்றைய பீகார் மாநிலத்திலுள்ள மோதிகாரியில் பிறந்தார். தந்தையார் பிரித்தானிய ஆட்சியின் அபின் திணைக்களத்தில் அலுவலர். ஈட்டன் கல்லூரியில் கற்ற மகன், 1922இல் பர்மாவில் பொலிஸ் அதிகாரியானார். அடக்கியாளும் ஆட்சிக்குக் கருவியாயிருப்பதைச் சகியாது, ஐந்தாண்டுகளின் பின் பதவியைத் துறந்தார். பாரிஸ் நகரிலே கோப்பை கழுவினார். எம்மவர் பலரும் அறிந்த வேலையன்றோ அது! இலண்டனில் வீடற்றோருடன் அலைந்தார். அவ்வனுபவங்களைக் கூறி 1933இல் வெளிவந்த முதல் நூலிலேயே ஓர்வெல் என்ற புனைபெயரைச் சூடிக்கொண்டார்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவின் படைகளை எதிர்த்துப் போரிடுகையில், 1937 மே மாதத்தில், அவரது கழுத்தில் குண்டு பாய்ந்தது. அவர் சார்ந்திருந்த அணியைத் தாம் காக்கச் சென்ற தரப்பே தடைசெய்தது. தோழர்கள் சிறையிலிடப்பட்டனர். ஓர்வெலும் மனைவியும் இரயிலேறிப் பிரான்சுக்குத் தப்பினர். அப்போர் பற்றி அவர் எழுதி 1938இல் வெளியான நூலின் 1500 பிரதிகளும் அவர் வாழ்நாளில் விற்றுத் தீரவில்லை.

அலன் லேன் 1935இல் தொடங்கிய பென்குயின் வெளியீடுகள் ஒவ்வொன்றும் ஆறு பென்சுக்கு விற்கப்பட்டன. வாசகர் என்ற முறையில் ஓர்வெல் அவற்றை வரவேற்றார்; ஆயினும் மலிவு விலை எழுத்தாளனின் வருவாயைக் குறைக்குமென அஞ்சினார். 1940இல் அவரது முதல் நூலும் அவ்வரிசையிற் சேர்ந்தது. அப்பழைய பதிப்புகளைச் சேகரிப்போர் இன்று தேடித்திரிகின்றனர்.

சோவியத் ஆட்சியைச் சாடும் 'விலங்குப் பண்ணை'யை அவர் 1944இல் எழுதி முடித்தபோது, அந்நாடு பிரித்தானியாவின் போர்க்கால நேச நாடு. எனவே பதிப்பகங்கள் பல அதனை மறுத்தன. 1945 ஆகஸ்டிலேயே நூல் வெளியானது.

மறு ஆண்டிலே இகோர் செவ்சென்கோ என்னும் இளைஞர் ஓர்வெலுக்குக் கடிதம் எழுதினார். ஜேர்மனியில் தங்கியிருந்த உக்ரேனிய அகதிகளுக்கு அக்கதையை வாய்மொழியாகப் பெயர்த்துக் கூறிவந்தவர் அவர். அதனை அச்சிட அனுமதி கோரினார். ஓர்வெல் ஊதியம் எதுவும் பெறாது இசைந்தார். அவ்வகதிகளுக்கென்றே முன்னுரையும் எழுதிக் கொடுத்தார். 1947இல் மியூனிக் நகரில் நூல் அச்சாகியது. அமெரிக்க அதிகாரிகள் ஏறத்தாழ 1500 பிரதிகளைக் கைப்பற்றி, அகதிகளைத் திருப்பியழைக்க வந்திருந்த சோவியத் அதிகாரிகளிடமே ஒப்படைத்தனர். ஆனால், அதற்கு முன்னரே ஏறத்தாழ 2000 பிரதிகள் முகாம்களிற் பரவிவிட்டன.

திருப்பி அனுப்பப்படுவோமோ என்ற அச்சத்துடன் இரவைக் கழிப்பது எத்தகையதென்பதை நாம் அறிவோம். அந்நிலையிலிருந்தோர் கையில், அவர்தம் தாய்மொழியிலேயே, தாம் விட்டோடி வந்த ஆட்சியின் கதை கிடைத்தது.

காசநோயுற்ற ஓர்வெல் 1950 சனவரி 21ஆம் நாள், 46ஆவது வயதில் இலண்டனில் காலமானார். 'விலங்குப் பண்ணை' பென்குயின் பதிப்பாக 1951இலும், '1984' என்னும் நாவல் 1954இலும் வெளிவந்தன. இலட்சக்கணக்கானோர் அவற்றைப் படித்தனர். எனினும், பெரும் பதிப்பகங்கள் தொடத் தயங்கிய கதையை, பென்குயினுக்கு நான்காண்டுகள் முன்னரே, நாடிழந்தோர் தமக்கென அச்சிட்டுக்கொண்டனர் என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் தகும்.