மூக்கை மீட்ட கவாஸ்ஜி

அவமானப்பட்டவனை மூக்கறுபட்டவன் என்று சொல்வது நம் வழக்கு. வெறும் பேச்சாக நாம் வழங்கும் இச்சொல், ஒரு காலத்தில் மெய்யான தண்டனையாகவே இருந்தது. அவ்வாறு மூக்கறுபட்டு, பின்னர்ப் புதிய மூக்கைப் பெற்று, உலக மருத்துவ வரலாற்றில் நிலைத்த ஓர் ஏழைத் தொழிலாளியின் வாழ்வை இங்கு எழுத விழைகிறேன். அவர் பெயர் கவாஸ்ஜி.

போரும் சிறையும்

நான் குடியிருக்கும் யானைக்கவுனியின் பெயரிலேயே அக்காலப் போர்களின் நினைவு உண்டு. கவுனி என்றால் மதில் வாயில். படையெடுப்புக்கு அஞ்சி, 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் சென்னையின் கறுப்பர் நகரைச் சுற்றி மதில் எழுப்பினர். அதன் வாயில்களுள் ஒன்று இங்கே இருந்தது. திப்பு சுல்தானை எதிர்க்கும் பொருட்டுக் கார்ன்வாலிஸ் 1790 டிசம்பரில் வந்திறங்கியதும் இந்தச் சென்னையில்தான். பீரங்கியும் அரிசி மூட்டையும் காளைகளின்றி ஓரடியும் நகரா. ஆகவே ஆங்கிலப் படைகளோடு காளைகளும் அவற்றை ஓட்டுவோரும் திரளாகச் சென்றனர். கவாஸ்ஜி அத்தகைய ஒரு காளையோட்டி.

மராத்திய உழவர் குலத்தவரான அவர், 1792இல் முடிவுற்ற அப்போரில் திப்புவின் படையிடம் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் துண்டிக்கப்பட்டன. அந்நிலையிலேயே சீரங்கப்பட்டினத்தருகே இருந்த பம்பாய்ப் படையை அவர் வந்தடைந்தார். கம்பெனி அவருக்கு ஓய்வூதியம் அளித்தது. ஆனால் முகத்தை யார் அளிப்பது? ஓராண்டுக்கு மேல் மூக்கின்றியே வாழ்ந்தார்.

புதிய மூக்கு

1793ஆம் ஆண்டில் புனேக்கு அருகே, செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கு அமைத்துக் கொடுத்தார். பம்பாய் மாகாண ஆங்கில மருத்துவர் இருவர் இச்சிகிச்சை முறையைக் கண்டவர்கள். மெழுகுத் தகட்டால் மூக்கின் வடிவம் செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிலும் கோடிட்டு, அந்த அளவுக்குத் தோலை உரித்தெடுத்தனர். இரத்த ஓட்டம் அறாதிருக்க இரு கண்களுக்கும் நடுவே சிறு துண்டை மட்டும் விட்டுவைத்தனர். தோலைத் திருப்பி மூக்கிருந்த இடத்தில் பொருத்தி, வெற்றிலையோடு நாம் மெல்லும் காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணியில் தடவி ஒட்டினர். நான்கு நாள் கழிந்தபின் நெய்யில் தோய்த்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்த படுக்கை. பத்தாம் நாள் மூக்குத் துவாரங்களில் மென்துணித் துண்டுகள். இருபத்தைந்தாம் நாளளவில் நெற்றித் தோலின் இணைப்பை அறுத்துவிட்டனர். மயக்க மருந்து உலகுக்கு அறிமுகமாக இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது என்பதை நினைவிற் கொள்க!

பத்தாம் நாள் துணி

மூக்கின் நடுத்தண்டு வளைந்திருந்ததால் நானும் சென்ற ஆண்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். இரு துவாரங்களிலும் மருந்து தடவிய துணி நாடாவைத் திணித்திருந்தனர். இரண்டு நாளும் வாயாலேயே மூச்சு. நாக்கு வறண்டது, இரசத்தின் மணமும் தெரியவில்லை. நாடாவை உருவி எடுத்தபோது கண்ணீர் பெருகியது. ஆயினும் காற்று உள்ளே நுழைந்த அந்தக் கணம் சொல்லுந்தரமன்று.

எனக்கு வைத்த துணி, இரத்தப் பெருக்கை அடக்கவும், தண்டின் மென்தோலுக்கடியில் இரத்தம் கட்டாமல் காக்கவும். கவாஸ்ஜிக்கு வைத்த துணியோ, ஆறுங்கால் புதுத்தோல் சுருங்கி வழியை அடைத்துவிடாதிருக்க. வெட்டுவதோடு மருத்துவன் வேலை முடிவதில்லை. மூச்சு போகும் வழியையும் காக்க வேண்டும். சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய நூலும், கன்னத் தோலால் மூக்கமைக்கும்போது இரு குழாய்களைச் செருகச் சொல்கிறது. செங்கல் செய்தவர் அந்நூலைக் கற்றிருக்க வேண்டுமென்பதில்லை. கைப்பழக்கமாகவே அவருக்கு அது வந்திருக்கலாம்.

கடல் கடந்த புகழ்

1794 ஜனவரியில் ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியர் கவாஸ்ஜியை வரைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் இலண்டனின் ஜென்டில்மன்ஸ் மேகசின் இதழ் அவ்வரலாற்றைப் படத்துடன் வெளியிட்டது. இம்முறையைப் பற்றி அறிந்த ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் பிணங்களின்மீது பயின்று, 1814இல் இலண்டனில் இதைச் செய்து வெற்றி கண்டார். 1816இல் நூலாகவும் எழுதினார். முகச்சீரமைப்பு அறுவை மேலைநாடுகளில் புத்துயிர் பெற்றது அதன் பின்னரே.

காளையோட்டியின் பெயர் நிலைத்தது. ஓவியர் பெயரும், பார்த்திருந்த மருத்துவர்கள் பெயரும் நிலைத்தன. கத்தியைப் பிடித்தவர் பெயரை மட்டும் அந்த இதழ் எழுதவில்லை. குலத்தை எழுதியவர்கள் பெயரைக் கேட்க மறந்தனர். வரலாறு பயிலும் நாம், விடுபட்ட அந்த இடத்தையும் சேர்த்தே படிப்போமாக!