ஓகோயோங்கின் அன்னை மேரி ஸ்லெசர்

தான் பெற்ற குழந்தைகளைக் கண்டு ஒரு தாயும், அவளைக் கண்டு ஓர் ஊரும் அஞ்சி நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கில் கலாபாரைச் சூழ்ந்த பகுதிகளில், இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் அவற்றுள் ஒன்று தீய ஆவிக்குப் பிறந்தது என்று மக்கள் நம்பினர். எது அது என்று அறிய வழியில்லாததால் இரண்டையும் பானையில் இட்டுக் காட்டில் விட்டனர். தாயையும் ஊரைவிட்டு விலக்கினர். அத்தகைய குழந்தைகளுக்குத் தாயாக வாழ்ந்தவர் மேரி ஸ்லெசர்.

1848ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி, குடிப்பழக்கத்திற்கு அடிமையானவர். குடும்பம் டண்டீ நகருக்குக் குடிபெயர்ந்தபின், 11 வயதிலேயே மேரி ஆலையில் பாதி நாள் வேலையும் பாதி நாள் படிப்புமாக வாழ்க்கையைத் தொடங்கினார். பசியையும் அச்சத்தையும் நூல்களில் அன்று, தம் இல்லத்திலேயே அவர் கற்றார்.

1876இல் தமது திருச்சபையின் ஊழியராகக் கலாபார் வந்தார். எஃபிக் மொழியைக் கற்று, அம்மக்கள் உண்பதையே உண்டார். மலேரியாக் காய்ச்சல் அவரைப் பலமுறை வாட்டியது. 1886ஆம் ஆண்டிற்குள் தாயும் எஞ்சியிருந்த சகோதரியும் மறைந்தனர். தமக்கென்று திரும்பிச் செல்ல வீடு இல்லாத நிலையில், 1888இல் அயலார் செல்லத் தயங்கிய ஓகோயோங் பகுதிக்குச் சென்று எக்கெங்கே என்ற சிற்றூரில் குடியேறினார்.

அங்கே அவர் தனித்து நிற்கவில்லை. ஊர்த் தலைவரின் சகோதரியான மா எமே, தீங்கு நிகழவிருக்கும்போதெல்லாம் மறைமுகமாகச் செய்தி அனுப்பி உதவினார். மேரியிடம் வளர்ந்த ஜேனி முதலான பெண்கள், பின்னர் வந்த சிசுக்களைப் பேணும் பணியைத் தாங்களே ஏற்றனர். ஜேனியும் இரட்டையராகப் பிறந்து கைவிடப்பட்டவளே. காப்பாற்றப்பட்டவர் காப்பவராக மாறினார்.

1895இல் நடந்த ஒரு நிகழ்ச்சி மேரியின் உள்ளத்தைக் காட்டுவது. இரட்டையரைப் பெற்ற அடிமைப் பெண் ஒருத்தி, குழந்தைகளைத் திணித்த பெட்டியைத் தலையில் சுமக்கச் செய்து விரட்டப்பட்டாள். செய்தி கேட்டு விரைந்த மேரி, வேறு எவரும் தொட அஞ்சிய அந்தப் பெட்டியைத் தாமே வாங்கிக்கொண்டார். ஆனால், ஊரார் நடக்கும் வழியில் அவர்களை அழைத்துச் சென்றால் அவ்வழியை மக்கள் இனிப் பயன்படுத்த மாட்டார்கள் என்பதை அவர் அறிவார். ஆகவே, புதர்களினூடே தம் வீட்டிற்குப் புதிய பாதை வெட்டப்படும்வரை கொளுத்தும் வெயிலில் காத்து நின்றார்.

ஆண் குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தைக்கு சூசி என்று பெயரிட்டு வளர்த்தார். அந்தச் செல்லக் குழந்தையும் இரண்டு வயது நிறைவதற்குள் கொதிநீர் பட்டு இறந்தது. மேரி பெரிதும் வருந்தினார். ஆயினும் அடுத்த குழந்தைக்காக அவரது கதவு திறந்தே இருந்தது.

பிற்காலத்தில் பிரிட்டிஷ் அரசு அவருக்கு நீதிமன்றப் பொறுப்புகளை அளித்தது. எனினும் அம்மக்களின் மனத்தை மாற்றியதில் அதிகாரத்தைவிட அந்த வீட்டிற்கே பெரும் பங்கு உண்டு. தீய ஆவிக்குப் பிறந்தவை என்று அஞ்சப்பட்ட குழந்தைகள் அங்கே சிரித்து, விளையாடி, பிறருக்கு உதவும் மனிதர்களாக வளர்வதை அவர்கள் கண்ணாரக் கண்டனர்.

1915ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், தாம் வளர்த்த பெண்கள் சூழ்ந்திருக்க, உசே என்ற ஊரில் மேரி மறைந்தார். கலாபாரில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அங்குள்ளோர் அவரை அழைத்த பெயர் 'மா'. அதன் பொருளை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழந்தையைக் காப்பதில் அவர் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. அறியாமையால் அஞ்சியவர்களை இகழவும் இல்லை. உறுதியும் பொறுமையும் ஒருங்கே அமைந்த தொண்டு எத்தகையது என்பதை, வெயிலில் அவர் காத்து நின்ற அந்த நேரம் நமக்கு உணர்த்துகிறது.