ஓம் என்றொரு பாலிடெக்னிக் வாத்தியார்

தொப்பூர் கணவாயில் ராத்திரி இறங்குகிற வண்டிகளைக் கவனித்ததுண்டா? சிலதில் ஒரு ஹெட்லைட் பளீரென்றும் இன்னொன்று மஞ்சளாய் மங்கியும் எரியும். விவரமான எலக்ட்ரீசியன் உடனே பல்பை மாற்றமாட்டார். பாடியில் முடுக்கியிருக்கும் எர்த் வயரைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முடுக்குவார். வெளிச்சம் வந்துவிடும். இதன் காரணத்தைக் கண்டவர் ஜார்ஜ் சைமன் ஓம். (மந்திரத்து ஓம் இல்லை, ஜெர்மனிக்காரர்!)

1789-ல் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. பள்ளிக்கூடம் போகாமல் தானே கணக்கும் விஞ்ஞானமும் கற்று, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். எங்கள் வீட்டில் கணக்கு சொல்லித்தர ஆளில்லை. அதனால் இந்த அப்பாவை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். 10 வயதில் ஓம் தாயை இழந்தார். பல்கலைக்கழகம் போன பையன் நடனம், பில்லியர்ட்ஸ் என்று பொழுதைப் போக்க, அப்பாவுக்குக் கோபம் வந்து படிப்பு பாதியில் நின்றது. சுவிட்சர்லாந்தில் கணக்கு வாத்தியாராகி, தானாகவே படித்து 1811-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் வேலை. அங்கேதான் ஆராய்ச்சி. அன்றைய பாட்டரியில் கரண்ட் எடுத்தால் வோல்டேஜ் இறங்கிப்போகும், அளவே நிற்காது. பாகென்டார்ஃப் என்ற விஞ்ஞானி ஒரு வழி சொன்னார். அதன்படி பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வோல்டேஜ் அசையாமல் நின்றது! ஒரே கனமுள்ள எட்டு செம்புக் கம்பிகளை, வெவ்வேறு நீளத்தில், ஒவ்வொன்றாக மாட்டி, காந்த ஊசியைக் கொண்டு 1826-ல் கரண்டை அளந்தார். நீளம் கூடக் கூட கரண்ட் குறைந்தது. கம்பியின் தடையோடு, கரண்ட் தருகிற பகுதியின் தடையையும் சேர்த்தால்தான் கணக்கு சரியாக வந்தது.

அதே கணக்கை நம்ம ஹெட்லைட்டுக்குப் போடுவோம். 12 வோல்ட், 60 வாட் பல்பு 5 ஆம்பியர் எடுக்கும். அப்போது தடை 2.4 ஓம். துருப்பிடித்த எர்த்தில் வெறும் 0.6 ஓம் சேர்ந்தால் மொத்தம் 3 ஓம், கரண்ட் 4 ஆம்பியர். பல்புக்குக் கிடைப்பது 9.6 வோல்ட், 38.4 வாட்தான். மீதி 2.4 வோல்ட் துருவிலேயே விழுந்து, 9.6 வாட் சூடாகிப் போச்சு. (இழை ஆறினால் அதன் தடையும் சற்று மாறும், இங்கே அதை விட்டுவிட்டேன்.)

இதையெல்லாம் 1827-ல் புத்தகமாகப் போட்டார். பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்கும் என்று நம்பினார். யாரும் மதிக்கவில்லை. மனம் வெறுத்து 1828-ல் கொலோன் வேலையையும் விட்டார். பெர்லினில் சில வகுப்புகள் எடுத்து, சொற்ப வருமானத்தில் சில வருஷம் ஓடியது. அந்தக் கஷ்டத்தில் அவருக்கு இடம் கொடுத்தது எது தெரியுமா? நியூரம்பர்க் பாலிடெக்னிக்! 1833-ல் சேர்ந்தார்.

1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகே சொந்த நாட்டில் மதிப்பு கூடியது. ஆசைப்பட்ட பேராசிரியர் பதவி மியூனிக்கில் 1852-ல் கிடைத்தது; 1854-ல் இறந்துவிட்டார். 1881-ல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு தடையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது. நியூரம்பர்க்கில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது.