கவிமணி கண்ட புத்தர்

குழந்தைகளுக்குப் பாட்டெழுதியவர் என்ற அளவிலேயே கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை நம் பாடநூல்கள் நிறுத்திவிட்டன. சைவ வேளாளர் குடியில் பிறந்த அவர், புத்தரின் வாழ்வைப் பாட முற்பட்டது ஏன் என்ற கேள்வி அதிகம் எழுப்பப்படுவதில்லை.

நாஞ்சில் நாட்டுத் தேரூரில் 1876-இல் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். அன்றைய திருவிதாங்கூரில் பள்ளிக் கல்வி மலையாளத்தில் நடந்தது. தமிழை அவருக்குப் பயிற்றுவித்தவர் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சாந்தலிங்கத் தம்பிரான். பின்னர் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியப் பணியாற்றி, 1931-இல் ஓய்வுபெற்று, மனைவியின் ஊரான புத்தேரியில் தங்கினார்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னை முதலில் ஈர்த்தது அவருடைய 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'தான். உழைத்துச் சேர்த்தவனின் மனைவியும் மக்களும் வெறுங்கையுடன் நிற்க, சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும் முறையை, அதில் அல்லலுற்ற ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே அவர் எள்ளி நகையாடினார். 1926-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து அம்முறையை மாற்றியது. சொத்தின் மீதான பற்று ஒரு குடும்பத்தை எப்படிச் சிதைக்கும் என்பதை அவர் தத்துவ நூல்களில் படித்து அறியவில்லை. அண்டை வீடுகளிலேயே கண்டார்.

துன்பம் உண்டு, அதற்குக் காரணம் வேட்கை, வேட்கை நீங்கினால் துன்பம் நீங்கும், அதற்கு எட்டு உறுப்புகள் கொண்ட நெறி உண்டு. சாரநாத்தில் புத்தர் முதன்முதலாக உரைத்தது இதுவே. உடலை வருத்தும் தவத்தையும் புலன்வழி இன்பத்தையும் ஒருங்கே விலக்கிய நடுவழி அது. மணிமேகலையைத் தந்த தமிழுக்கு இது புதிதன்று. ஆயினும் சைவத்துக்கும் பௌத்தத்துக்கும் இடையே பல நூற்றாண்டுப் பகை இருந்தது. அந்தப் பகையின் நிழல்கூடப் படியாமல், எட்வின் ஆர்னால்டு 1879-இல் ஆங்கிலத்தில் இயற்றிய காவியத்தைத் தழுவி, 'ஆசிய ஜோதி'யை அவர் பாடினார். நூல் 1941-இல் வெளிவந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம்.

கோட்பாட்டைவிட நிகழ்ச்சிகளிலேயே கவிமணியின் மனம் தோய்கிறது. வேள்விக்கு ஓட்டிச் செல்லப்படும் ஆடுகளுக்காகப் புத்தர் மன்னன் பிம்பிசாரனிடம் வாதாடுகிறார். மகனை இழந்த தாய், சாவு நிகழாத வீட்டில் கடுகு கேட்டு அலைகிறாள். அவற்றினும் மேலாக நான் கருதுவது ஆட்டிடையச் சிறுவனின் கதை. மயங்கிக் கிடந்த புத்தருக்குப் பால் கொடுக்க வந்தவன், தான் தீண்டினால் தீட்டாகுமே என்று தயங்கி நிற்கிறான். குருதியில் சாதி இல்லை என்று சொல்லி அவர் பாலைப் பெற்றுக்கொள்கிறார்.

இக்கதை கபிலவஸ்துவையும் மகதத்தையும் பற்றியது மட்டுமன்று. தேரூருக்கு அருகிலுள்ள சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே 1926-இல் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது 1936-இல். ஐந்தே ஆண்டுகள் கழித்துத்தான், இரு கை ஏந்திப் பால் வாங்கும் புத்தர் நாஞ்சில் நாட்டு வாசகரின் கைக்கு வந்தார்.

1954-இல் கவிமணி மறைந்தார். நாஞ்சில் நாடு தமிழகத்துடன் இணைந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.