பிள்ளைக்குக் காவல் யார்? அண்ணல் தொடங்கி வைத்த வேலை

ஏப்ரல் 14 அன்றும் டிசம்பர் 6 அன்றும் அண்ணல் அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுகிறோம். அரசியல் சட்டத்தை வகுத்தவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளை யாரிடம் வளர வேண்டும், அதன் சொத்தை யார் காக்க வேண்டும், அதற்குச் சோறு போடும் கடமை யாருடையது என்ற கேள்விகளுக்காக அவர் பட்ட பாட்டை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் நம் தாய்மார்களுக்கு, அவர் வாழ்க்கையின் இந்தப் பக்கம் அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

1891-ல் மகூவில், ராம்ஜி சக்பால், பீமாபாய் தம்பதிக்குப் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தவர் பீமராவ். 1896-ல் தாய் இறந்தபோது அவருக்கு விவரம் புரியாத வயது. தந்தையின் அக்காள் மீராபாய்தான் அவரை வளர்த்தார். முதுகு கூன் விழுந்த அந்த அத்தையின் கையால்தான் நாளைய சட்ட அமைச்சர் சோறுண்டு வளர்ந்தார். படைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற தந்தையிடம் பணம் இல்லை. மகன் புத்தகம் கேட்டால், கட்டிக்கொடுத்த மகள்களின் வீட்டுக்குப் போய் நகையை இரவல் வாங்கி அடகு வைப்பார். பிள்ளையைக் காப்பது என்றால் என்ன என்பதை அம்பேத்கர் சட்டப் புத்தகத்தில் படிக்கும் முன்பே வீட்டில் பார்த்தவர்.

1913-ல் தந்தை இறந்தார். அதே ஆண்டு பரோடா மன்னரின் உதவித்தொகையில் அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். கிடைத்த தொகையில் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார். பம்பாயில் மனைவி ரமாபாய் வறுமையோடு குடும்பத்தை இழுத்தார். பிறந்த ஐந்து பிள்ளைகளில் நான்கு பேரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார்கள். யஷ்வந்த் ஒருவர்தான் மிஞ்சினார். கடைசிப் பிள்ளை ராஜரத்னா 1926-ல் இறந்தபோது அம்பேத்கர் உடைந்தே போனார். அண்ணன் ஆனந்தராவ் இறந்த பிறகு அண்ணியும் அவர் மகன் முகுந்தும் இந்தக் குடும்பத்தின் ஆதரவில்தான் வாழ்ந்தார்கள். 1935-ல் ரமாபாயும் மறைந்தார்.

இந்த வலி அவருடைய பொது வேலையிலும் தெரிந்தது. 1928-ல் பம்பாய் சட்ட மன்றத்தில், வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பேறுகாலச் சம்பளம் தரும் மசோதாவை ஆதரித்தார். தாயின் ஓய்வு நாட்டின் நலன் சார்ந்தது, அந்தச் செலவில் அரசுக்கும் பங்கு உண்டு என்று வாதிட்டார். 1942-ல் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொன்னார். அவர்கள் மனதில் தாழ்வெண்ணம் படிய விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

1947 ஆகஸ்டில் நாட்டின் முதல் சட்ட அமைச்சரானார். இந்துக்களின் குடும்பச் சட்டத்தை ஒழுங்குபடுத்த பி.என்.ராவ் குழு 1940-களில் தயாரித்திருந்த வரைவு அவர் கைக்கு வந்தது. திருமணம், மணவிலக்கு, சொத்து, தத்து, ஜீவனாம்சம், மைனர் பிள்ளையின் பாதுகாவல் எல்லாம் அதில் அடங்கும். 1948-ல் தெரிவுக் குழுவுக்குத் தலைமையேற்று அதைச் செப்பனிட்டார். திருமணத்துக்கும் தத்துக்கும் சாதி தடையாக இருக்கக்கூடாது என்பது அதன் அடிநாதம். சனாதனிகள் கொதித்தார்கள். நாடாளுமன்றத்துக்கு வெளியே ஊர்வலம், உள்ளே இழுத்தடிப்பு. மூன்று ஆண்டுகள் ஓடியும் 1951 செப்டம்பரில் நான்கு பிரிவுகள்தான் நிறைவேறியிருந்தன. அத்தோடு அரசு மசோதாவைக் கைவிட்டது. செப்டம்பர் 27 அன்று அம்பேத்கர் பதவியைத் துறந்தார். பட்டியல் சாதியினரை அரசு நடத்திய விதம், வெளியுறவுக் கொள்கை என்று வேறு காரணங்களையும் அவர் சொன்னார். ஆனால் இந்தச் சட்டம் கைவிடப்பட்டதுதான் அவரை இறுதியாக வெளியே தள்ளியது.

அவர் போன பிறகு அதே மசோதாவைத் துண்டு துண்டாக நறுக்கிச் சட்டமாக்கினார்கள். 1955-ல் திருமணச் சட்டம் வந்தது. 1956-ல் வாரிசுச் சட்டமும், இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டமும், இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டமும் வந்தன. கடைசிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1956 டிசம்பர் 21. அண்ணல் கண்மூடிப் பதினைந்து நாள் கழித்து.

அந்தச் சட்டங்கள் தந்தது சிறிதல்ல. முன்பு, தாய் உயிரோடு இருக்கும்போதே அவளை ஒதுக்கிவிட்டு வேறொருவரைக் காவலராகத் தந்தை உயிலில் எழுதிவைக்கலாம். இப்போது தாய் இருக்கும்வரை அந்த எழுத்து செல்லாது. சித்தப்பனோ பெரியப்பனோ தானே காவலன் என்று சொல்லிக்கொண்டு மைனரின் நிலத்தை விற்க முடியாது. பெற்றவர்களே விற்பதானாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். ஐந்து வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும். முறைப்படி மணம் நடக்காத உறவில் பிறந்த பிள்ளைக்கும் ஜீவனாம்சம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் நலனே பெரிது என்று சட்டம் சொல்கிறது.

ஆனாலும் ஒரு முள் அப்படியே இருக்கிறது. மைனர் பிள்ளைக்கு இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்றுதான் 1956 சட்டத்தின் 6-ஆம் பிரிவு இன்றும் சொல்கிறது.

இது ஏதோ டெல்லி விவகாரம் என்று நாம் நினைக்கக்கூடாது. நம் ஏரியில் பாடு எப்படி வருகிறது? எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை விரிப்பது என்பது தலைக்கட்டுக் கணக்கு. தலைக்கட்டு என்றால் ஆண். பாடு இல்லாத சேரி மக்களிடமும் ரேஷன் அட்டை முதல் பள்ளிக்கூடம் வரை முதல் கேள்வி தகப்பன் எங்கே என்பதுதான். கடலுக்குப் போய்த் திரும்பாதவனை இறந்தவனாகச் சட்டம் எடுத்துக்கொள்ளப் பொதுவாக ஏழு ஆண்டுகள் ஆகும். வேறொருத்தியோடு போனவனுக்குச் சான்றிதழே கிடையாது. கூடையைத் தலையில் வைத்து மீன் விற்றுப் பிள்ளையைப் படிக்க வைப்பவள், காகிதத்தில் இரண்டாம் ஆளாக நிற்கிறாள்.

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் இந்த முள்ளின் முனையை மழுக்கியது. தந்தைக்குப் பின் என்றால் தந்தை செத்த பின் என்று மட்டும் பொருள் இல்லை. அவர் இல்லாதபோதும், பிள்ளையைக் கவனிக்காதபோதும் தாயே காவலர் என்றது. திரும்பி வராதவனின் மனைவிக்கும் கைவிட்டுப் போனவனின் மனைவிக்கும் இது பெரிய ஆயுதம். மணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலே பாதுகாவலராகலாம் என்று 2015-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. தந்தைக்கு முதலிடம் தரும் வரியை நீக்கச் சொல்லிச் சட்ட ஆணையம் 1989-லும் 2015-லும் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் இன்னும் அதைச் செய்யவில்லை.

நம் மக்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஓட்டைகள் வேறு உண்டு. 1956-ன் ஜீவனாம்சச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்கு, ஒன்றிய அரசு தனியே அறிவிக்காதவரை, பொருந்தாது. ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் தாய் அந்தச் சட்டத்தின் கதவைத் தட்ட முடியாது. அண்ணல் வழியில் பௌத்தம் தழுவியவர் காவல் உரிமையை இழப்பதில்லை. ஏனெனில் இந்தச் சட்டம் பௌத்தர்களையும் சேர்த்துக்கொள்கிறது. கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ போனவர், இந்துவாகவே இருக்கும் தன் பிள்ளைக்கு இயற்கைப் பாதுகாவலராக இருக்க முடியாது. பெற்ற உறவை மதத்தால் அளக்கும் இந்த விதியும் போக வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. சாதி, மதம், பழங்குடி என்ற பேதமில்லாமல் எந்தத் தாயும் அதன்படி தனக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம். இருளர் தாய்க்கும் இது உண்டு. தான் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம். இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடுமானவரை 60 நாளில் முடிக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் சட்ட உதவி இலவசம். வருமான வரம்பு கிடையாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணில் பேசலாம்.

ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள்ளலாம் என்று அழைப்பார்கள். போகலாம். ஆனால் பிள்ளையின் செலவுக்கு மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதை எழுதி வாங்காமல் எழுந்து வரக்கூடாது. எழுத்தில் இருந்தாலும் அது நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையைப் பறிக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்த டிசம்பர் 6-ல் மாலை போடும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு தீர்மானமும் போடுவோம். தாயும் தந்தையும் பிள்ளைக்குச் சமமான பாதுகாவலர்கள் என்று 6-ஆம் பிரிவைத் திருத்தக் கோரி, நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அதை அனுப்பி வைப்போம்.