அர்ச். பத்ரீசியாரும் அடிமைப்பட்ட பிள்ளைகளும்

அர்ச். பத்ரீசியார் என்றதும் மூவிலைப் பூண்டும், ஐர்லாந்திலிருந்து அவர் துரத்திவிட்ட பாம்புகளும் உமது நினைவுக்கு வரலாம். இவை பிற்காலத்தார் கட்டிய கதைகள். அவர் அங்கே போவதற்கு முன்னும் அத்தீவில் பாம்பு கிடையாது. அவரே லத்தீனில் எழுதிய இரண்டு நிருபங்கள் நமக்கு இருக்கின்றன. அவற்றில் காணும் பத்ரீசியார் இன்னும் பெரியவர்.

அவர் பிரிட்டன் தேசத்தார். கெல்ட் இனத்தாரான பிரித்தானியர் 350 ஆண்டுகளுக்கு மேல் ரோமருக்குக் கீழிருந்து, நாளடைவில் சத்திய வேதத்தையும் அறிந்திருந்தார்கள். வடக்கே ஆத்ரியான் இராயன் கி.பி. 122-ல் தொடங்கிய நெடுஞ்சுவருக்கு அப்பால் பிக்தரும், மேற்கே கடலுக்கு அப்பால் ஐரிஷ்காரரும் எவருக்கும் அடங்காமல் வாழ்ந்தார்கள். 410-ஆம் ஆண்டையொட்டி ரோம ஆட்சி ஒழிந்தது. எல்லையில் கொள்ளையும் ஆள்பிடிப்பும் சகஜமாயின.

பத்ரீசியாரின் தகப்பனார் தியாக்கோன், பாட்டனார் குருவானவர். (அக்காலத்தில் விவாகமானவர்களும் பட்டம் பெறுவதுண்டு, வியக்க வேண்டாம்.) அப்படியிருந்தும் பிள்ளை பக்தியில்லாமல் வளர்ந்தான். ஏறக்குறைய 16 வயதில் ஐரிஷ் கொள்ளைக்காரர் அவனைப் பிடித்துப் போனார்கள். 6 ஆண்டுகள் அடிமையாய் ஆடு மேய்த்தான். பனியிலும் மழையிலும் விடியுமுன் எழுந்து, பகலில் நூறு தடவை, இரவிலும் ஏறக்குறைய அவ்வளவு தடவை ஜெபித்தான். வீட்டில் கல்லாததைக் காட்டில் கற்றான் என்று சொல்லலாமல்லவா? பின்பு தப்பி, சுமார் 200 மைல் நடந்து, கப்பலேறினான்.

வீடு சேர்ந்த மகனை, இனி எங்கும் போகாதே என்று உறவினர் மன்றாடினார்கள். அவரோ கனவில் ஐரிஷ் மக்கள் தம்மை அழைக்கும் குரலைக் கேட்டார். தம்மை அடிமையாக்கியவர்களிடமே மேற்றிராணியாராய்த் திரும்பிப் போனார். ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

இப்போது கவனியும். கொரோத்திக்கு என்ற பிரித்தானியத் தலைவனின் போர்வீரர் ஒருநாள் அத்தீவில் வந்திறங்கினார்கள். புதிதாய் ஞானஸ்நானம் பெற்று, வெள்ளை உடையுடன், நெற்றியில் பரிசுத்த தைலத்தின் மணம் மாறாதிருந்தவர்களில் சிலரை வெட்டினார்கள். மற்றவர்களை வேதத்தை விட்டு விலகிய பிக்தருக்கு விற்றார்கள். செய்தவர்கள் அஞ்ஞானிகளல்ல, பெயரளவில் கிறிஸ்தவர்கள். பத்ரீசியாரின் சொந்த நாட்டார்!

பிடிபட்டவர்களை விடும்படி, தாம் சிறுவயதிலிருந்து போதித்து வளர்த்த ஒரு குருவானவரிடம் கடிதம் கொடுத்தனுப்பினார். வீரர்கள் நகைத்தார்கள். கோல் நாட்டுக் கிறிஸ்தவர்கள் ஆயிரமாயிரம் பொற்காசு கொடுத்துச் சிறைப்பட்டோரை மீட்கிறார்களே, நீங்களோ விற்கிறீர்களே என்ற மனவேதனையோடு இரண்டாம் நிருபம் எழுதினார். அவர்களை இனித் தம் நாட்டாரென்று ஏற்க மறுத்தார். கண்ணீரோடு பச்சாத்தாபப்பட்டு, பிடிபட்டவர்களை விடுதலையாக்கும்வரை எவரும் அவர்களோடு உண்ணவோ குடிக்கவோ கூடாது, அவர்கள் கொடுக்கும் தருமத்தையும் வாங்கக்கூடாது என்று விலக்கினார். அந்நிருபத்தை மறைக்காமல் ஊரார் எல்லார் முன்னும், கொரோத்திக்குவின் முகத்துக்கு முன்பாகவுமே வாசிக்கும்படி கட்டளையிட்டார்.