கணித மேதை இராமாநுஜரும் அவரைப் பேணிய கைகளும்

பள்ளிப்பட்டிலுள்ள எம் இல்லத்தினின்றும் கல்லூரிக்கு மீளுந்தோறும், தாம்பரத்திற்கு முந்திய நிலையத்தில் வண்டி சற்றே நிற்கும். சானடோரியம் என்னும் அதன் பெயரை நாவாற் சொல்வோர் பலர். அஃது எவ்வாறு வந்ததென எண்ணுவோர் சிலரே. டாக்டர் சௌரி முத்து என்னும் மருத்துவர் 1928-ஆம் ஆண்டிற் காசநோயாளர்க்கென நிறுவிய இல்லமே அப்பெயருக்குக் காரணம். அவர் அதற்கு முன் இங்கிலாந்தில், மெண்டிப் குன்றுகளின்மீது அத்தகைய இல்லமொன்றை நடாத்தியவர். ஆங்கு 1917-இல் அவரது பராமரிப்பிலிருந்த தமிழர் ஒருவரின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம். அவரே ஸ்ரீநிவாச இராமாநுஜர்.

அப்பெரியாரின் கணிதத்தை ஆராய யாம் வல்லேமல்லேம். அவர் நோயுற்ற காலத்தையும், அக்காலத்தில் அவரைப் பேணிய கைகளையும் பற்றியே சில கூற விழைகின்றோம்.

இராமாநுஜர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். இரண்டு வயதிற் கண்ட பெரியம்மையினின்றும் உயிர் தப்பினார். 1906-இற் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்ற ஞான்று சீதபேதியால் மெலிந்து ஊர் திரும்பினார். இந்நிகழ்ச்சி அந்நாளிற் சிறிதாகத் தோன்றிற்று. பின்னர் இஃது எத்துணைப் பெரிதாயிற்று என்பதை வாசகர் காண்பர்.

1909-இல் ஜானகி அம்மையாரை மணந்தார். 1912-இற் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக அமர்ந்தார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் கணிதப் பேராசிரியர்க்குத் தம் தேற்றங்களை எழுதி விடுத்தார். அவ்வறிஞரின் அழைப்பை ஏற்று, 1914 மார்ச்சுத் திங்களிற் கப்பலேறினார். டாக்டர் முத்துவும் அக்கப்பலிலேயே சென்றார் என்பர். பின்னர்த் தம்மிடம் நோயாளியாக வருவாரென அம்மருத்துவர் அன்று நினைந்திருப்பாரோ!

சென்ற சின்னாட்களிற் பெரும்போர் மூண்டது. காய்கறி அருகிய காலம், தாமே சமைத்துண்ணும் சைவ ஒழுக்கம், உறைவிக்கும் குளிர், இராப்பகல் பாராத உழைப்பு. 1917-ஆம் ஆண்டு வேனிற் பருவத்தில் உடல் நலிந்தது. மருத்துவர் ஒருவர் வயிற்றுப்புண் என்றார். வேறொருவர் கல்லீரலிற் புற்று என ஐயுற்றார். காசநோய் என்பதே பெரும்பாலோர் துணிபாயிற்று. அதன்படியே மெண்டிப் குன்றிலும், பின்னர் மட்லாக்கிலும் காசநோய் இல்லங்களில் அவரை வைத்தனர்.

அக்காலத்திற் காசநோய்க்கு மருந்தில்லை, பேணுதலே மருந்து. சாளரங்களைத் திறந்து வைத்துத் தூய காற்றை நுகரச் செய்வர். படுக்கையில் ஓய்வு கொள்வித்துப் பாலும் முட்டையும் ஊட்டுவர். நம் நாட்டவர்க்கோ அக்குளிர்காற்று வாட்டமாயிற்று. அவ்வுணவு வாய்க்கு ஒவ்வாதாயிற்று. தனிமையின் துயர் மிகுந்து 1918-இன் தொடக்கத்தில் அவர் உயிர்துறக்கவும் முயன்றார், இறைவனருளாற் பிழைத்தார். அவ்வாண்டே ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்னும் பெருஞ்சிறப்பும், டிரினிடி கல்லூரியின் பெல்லோ என்னும் பதவியும் அவரை நாடி வந்தன. பெருமை வந்தது, நலம் வந்திலது.

1919 மார்ச்சில் தாயகம் சேர்ந்தார். கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் வைத்திருந்து, ஈற்றிற் சென்னைச் சேத்துப்பட்டுக்குக் கொணர்ந்தனர். இவ்வோராண்டிலேதான் ஜானகி அம்மையாரின் தொண்டு விளங்குகின்றது. அப்பொழுது அவர்க்கு வயது இருபதளவே. பயிற்சி பெற்ற செவிலியரல்லர். உரிய வேளைதோறும் சோறும் மோரும் எலுமிச்சைச் சாறும் ஊட்டினார். நோவு கண்ட போதெல்லாம் வெந்நீரில் துணி நனைத்துக் காலுக்கும் மார்புக்கும் ஒற்றடம் கொடுத்தார். வெந்நீர் காய்ச்சிய பாத்திரங்கள் இரண்டினை முதுமைக் காலத்தும் அவர் போற்றி வைத்திருந்தார் என அறியுங்கால் எம் நெஞ்சம் உருகுகின்றது. அப்படுக்கையிற் கிடந்தே இராமாநுஜர் தாள் தாளாகக் கணக்கெழுதினார். அத்தாள்கள் 1976-இல் டிரினிடி கல்லூரி நூலகத்தில் மீளக் கண்டெடுக்கப்பட்டு அறிஞரை வியப்பில் ஆழ்த்தின. 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், அம்மேதை மறைந்தார்.

இனி நோயின் உண்மைக்கு வருவோம். 1994-இல் யங் என்னும் மருத்துவ அறிஞர் பழங்குறிப்புக்களையெல்லாம் ஆராய்ந்து, அது காசமன்று, அமீபாவினாற் கல்லீரலில் உண்டான நோயே என முடிவு கூறினார். முன் வந்த சீதபேதியின் கிருமி ஆண்டுகள் பல கல்லீரலில் ஒடுங்கியிருந்து பின் எழக்கூடும். கல்லீரலுக்கு மேலே உதரவிதானமும், அதன்மேல் நுரையீரலும் அமைந்துள்ளன; ஆதலின் கீழுள்ள சீழ்க்கட்டி இருமலையும் மார்புநோவையும் விளைத்து, நுரையீரல் நோயெனக் காண்பாரை மயக்கவுங் கூடும். எமெடின் என்னும் மருந்தை ஊசிவழிச் செலுத்தி இந்நோயைத் தீர்க்கலாமென்பதைக் கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் 1912-இலேயே காட்டியிருந்தார். யங் கூறியது மெய்யாயின், தீர்க்கத்தக்க நோயினாலன்றோ அவ்வரிய உயிரை உலகம் இழந்தது! நோயாளியின் உடல் நம்முன் இல்லாமையால் இதனை முற்றத் துணிதல் இயலாது. எனினும் இவ்வெண்ணமே நெஞ்சைச் சுடுகின்றது.

நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் எனத் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். இராமாநுஜர் வாழ்வில் முதலாமவர் பொறுத்தார், இரண்டாமவர் மயங்கினார், மூன்றாவது கிட்டவில்லை, நான்காமவரே இறுதிவரை நின்றார். பேணுதலாவது பரிவு மட்டுமன்று. கண் விழித்துக் காண்டலுமாம். காய்ச்சல் எந்நேரத்தில் ஏறுகின்றது, நோவு எவ்விடத்தே எழுகின்றது, கண்ணும் சிறுநீரும் மஞ்சளிக்கின்றனவா, மூச்சு நிமிடத்திற்கு எத்தனை என்பவற்றைச் செவிலியர் குறிக்கின்றனர். மூச்சு மிகின் கரியமிலவாயு மிகுதியாய் வெளியேறும். குறையின் உள்ளே தங்கும். அதனாற் குருதியின் அமில காரச் சமநிலை பிறழும். அச்சிறு குறிப்பே மருத்துவரின் மயக்கம் தெளிவிக்கும் விளக்காதலும் உண்டு.

மாணவத் தோழர்காள்! விடுதியில் நம் அருகே ஒருவன் காய்ச்சலுற்றுக் கிடப்பின், அவன் கணித மேதையோ கடைநிலை மாணவனோ யாம் அறியோம். அவனுக்குச் சிறிது கஞ்சி கொடுத்து, காய்ச்சல் ஏறிய நேரத்தைத் தாளிற் குறித்து மருத்துவரிடம் காட்டுதல் நம்மால் இயல்வதே. சானடோரியம் நிலையத்தில் வண்டி நிற்கும் அச்சிறுபொழுதில், வெந்நீர்ப் பாத்திரமேந்திய அவ்விளம்பெண்ணை யாம் நினைக்கின்றோம், நீவிரும் நினைமின்.